பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்பவர் எட்டுப் பருவங்களில் கற்பவை

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில், நர்சிங் படிக்கலாமா என்று கேட்கும் பிள்ளைக்கு வீட்டில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "படித்து முடித்ததும் வேலை" என்று ஒருவர் சொல்வார். "இராத்திரி டூட்டி பார்க்க வேண்டியிருக்குமே" என்று மற்றவர் தயங்குவார். இரண்டும் வேலையைப் பற்றிய பேச்சுகளே. நடுவில் இருக்கும் நான்கு ஆண்டுகளில் மாணவர் எதைப் படிக்கிறார், எதைக் கையால் பழகுகிறார் என்பது தெரியாமலேயே பலர் முதல் நாள் வகுப்பில் வந்து உட்கார்கிறார்கள். நர்சிங் மாணவர்களுக்கு வகுப்பிலும் வார்டிலும் கற்பித்துவரும் நான், அவர்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேரவிருக்கும் மாணவருக்கும் பெற்றோருக்குமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தின்படி இது எட்டுப் பருவங்களாக (செமஸ்டர்களாக) பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய ஆண்டுத்தேர்வு முறையில் படித்த அக்காமார்களின் நோட்டுகள் பொருளளவில் உதவும் என்றாலும், பாடங்களின் வரிசை மாறிவிட்டதால் அவற்றை அப்படியே பின்பற்ற முடியாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களோடு ஆங்கிலமும் படித்து, அவற்றில் மொத்தமாகக் குறைந்தது 45 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இது 40 சதவீதம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு வழியாக நிரப்பப்படுகின்றன. புதுச்சேரி ஜிப்மரில் சேர விரும்பினால் நீட் மதிப்பெண் தேவை. எய்ம்ஸ் நிறுவனங்கள் தமக்கெனத் தனித் தேர்வு நடத்துகின்றன. எனவே எங்கே சேர விருப்பம் என்பதைப் பிளஸ் டூ படிக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகை விட மருத்துவமனையைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் வற்புறுத்திச் சொல்வதுண்டு. கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ வேறு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் இணைப்போ இருக்கிறதா, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் நடப்பாண்டுக்கு இருக்கிறதா என்பதை அந்தந்த அமைப்புகளின் இணையதளத்திலேயே நேரில் பாருங்கள். அடுத்ததாக, கல்லூரிக்குச் சொந்தமான மருத்துவமனையில் குறைந்தது 100 படுக்கைகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எத்தனை படுக்கைகள் இருக்கின்றன என்பதோடு நிறுத்தாமல், எத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது, குழந்தைகள் வார்டு தனியாக உண்டா, மனநலப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளிகள் வராத மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் பயிற்சி பெற்றவருக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும், கைப்பழக்கம் கிடைக்காது.

கல்லூரி தொடங்குவதற்குள், இரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கு உரிய தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மூன்று தவணைகளும் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால், வார்டுக்குப் போகும் நாள் வந்த பிறகு அதை நினைத்துப் பயனில்லை. வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றும், சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைக் கல்லூரியே சொல்லும்.

முதல் ஆண்டு: உடலை அறிவதும் கையைப் பழக்குவதும்

முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு செவிலிய அடிப்படைகள் என்ற பாடம் தொடங்குகிறது. இரண்டாம் பருவத்தில் உயிர்வேதியியல், உணவூட்டவியல், சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் ஆகியவை சேர்கின்றன. செவிலிய அடிப்படைகள் தொடர்கிறது. பாடங்களின் பெயரைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். அப்படி எண்ணித் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்கள்தாம் இரண்டாம் ஆண்டில் திணறுகிறார்கள்.

தொடர்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடையிலோ கையிலோ தசைக்குள் போடும் ஊசியை 90 பாகைக் கோணத்திலும், தோலுக்கு அடியில் போடுவதைப் பெரும்பாலும் 45 பாகையிலும், தோலுக்குள்ளேயே போடும் சோதனை ஊசியை 10 முதல் 15 பாகையிலும் செலுத்தக் கற்றுத்தருவோம். இந்த எண்களை உருப்போடுவது எளிது. ஆனால் தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தசை என்ற அடுக்குகளை உடற்கூறியலில் புரிந்துகொண்டவருக்கு அந்தக் கோணங்கள் தாமாகவே விளங்கும். மிகவும் மெலிந்த முதியவர் ஒருவர் படுத்திருக்கும்போது வழக்கமான ஆழம் அவருக்குப் பொருந்தாது என்பதும் தோன்றும். இடுப்பில் ஊசி போடும்போது இடத்தை ஏன் அவ்வளவு கவனமாகக் குறிக்கிறோம் என்பதற்குக் காரணம், அவ்வழியே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு. அந்த நரம்பைப் படத்தில் பார்த்த நினைவு ஊசியைப் பிடித்திருக்கும் விரலுக்கு வர வேண்டும்.

செவிலிய அடிப்படைகள்தாம் இந்தப் படிப்பின் அடித்தளம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் கற்பது கை கழுவுவது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் 40 முதல் 60 வினாடிகள், கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடிகள் ஆகும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி என்று வரிசையாகச் செய்ய வேண்டும். கட்டைவிரலையும் விரல்நுனியையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், நோயாளியைத் தொடுபவையும் அவையே. பிறகு படுக்கை விரிப்பது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, மலம் சிறுநீர் கழிக்க உதவுவது ஆகியவை வரும். "இதற்காகவா பட்டப்படிப்பு?" என்று இந்தக் கட்டத்தில் சிலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளியின் முதுகை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவமனையில் பெரும்பாலும் குளிப்பாட்டுகிறவருக்கே கிடைக்கிறது. இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருக்கும் தோலை விரலால் அழுத்தி எடுத்தும் அது வெளுக்கவில்லை என்றால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே கண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டால் அதைத் தடுத்துவிடலாம். ஒரு வாரம் கழித்துக் கண்டால் அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகலாம்.

உடல் வெப்பம், நாடி, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் அளக்க இந்த ஆண்டில்தான் பழகுவீர்கள். பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20 என்பவை இயல்பான அளவுகள். சுவாசத்தை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். ஆகவே நாடி பார்த்த விரலை எடுக்காமலேயே கண்ணை மார்பின் மேல் வைத்து எண்ண வேண்டும். எண்ணாமல் எழுதுவது இந்தத் தொழிலில் பெரிய குற்றம். ஒரு வார்டில் எல்லா நோயாளிகளுக்கும் சுவாசம் 20 என்று எழுதியிருந்தால், அங்கே யாரும் எண்ணவில்லை என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

முதல் ஆண்டிலேயே கழிவுகளைப் பிரிக்கவும் கற்பீர்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்துக்கு ஒரு தொட்டி உண்டு. பயன்படுத்திய ஊசி, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். ஊசியின் மூடியை மறுபடி மாட்ட முயலக் கூடாது. தப்பித்தவறி ஊசி கையில் குத்திவிட்டால், அழுத்திப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. திட்டு விழுமோ என்று மறைத்த மாணவியை நான் பார்த்திருக்கிறேன். அவர் இழந்தது விலைமதிப்பற்ற ஒரு பகல் முழுவதும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு

வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில் நடக்கும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் முதல் மூன்று மாதங்களில் அழுவதும் அதற்குப் பிறகு தெளிவதும் எங்களுக்குப் பழக்கமான காட்சி. மருத்துவச் சொற்கள் ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் புதியவையே என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் வேர்களால் கட்டப்பட்டவை என்பதால், உடைத்துப் படித்தால் நூறு வேர்களைக் கொண்டு ஆயிரம் சொற்களைப் புரிந்துகொள்ளலாம். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. முன்னால் 'ஹெபட்' என்றிருந்தால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றிருந்தால் சிறுநீரகம், 'கேஸ்ட்ர்' என்றிருந்தால் இரைப்பை. 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மெதுவு. 'ஹைப்பர்' என்பது கூடுதல், 'ஹைப்போ' என்பது குறைவு. இந்தக் கடைசி இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால், சர்க்கரை கூடியவருக்கும் சர்க்கரை குறைந்தவருக்கும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை என்பதை நினைத்து, சொல்லும்போது "சுகர் குறைந்திருக்கிறது, 54 இருக்கிறது" என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். நோயாளியிடம் பேசும்போது உங்கள் தமிழ்தான் உங்கள் பலம். "வலி குத்துகிறதா, பிசைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா?" என்று கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் விவரம், வெறுமனே "வலிக்கிறதா?" என்று கேட்பவருக்குக் கிடைக்காது.

இரண்டாம் ஆண்டு: நோயும் மருந்தும்

மூன்றாம், நான்காம் பருவங்களில் நுண்ணுயிரியலும் தொற்றுக் கட்டுப்பாடும், மருந்தியல், நோயியல், மரபியல் ஆகியவற்றோடு, பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவைச் சிகிச்சை செவிலியம் வருகிறது. முதியோர் பராமரிப்பு, வலி தணிப்புப் பராமரிப்பு, தொழில் அறம் ஆகியவையும் இந்த ஆண்டில் அடங்கும். இதயம் நின்றவருக்கு 30 முறை மார்பை அழுத்தி இரண்டு மூச்சு கொடுக்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியையும் இந்த ஆண்டில் பொம்மையின் மீது செய்து பழகுவீர்கள்; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். முதல்முறை செய்யும்போது இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்ற விதியின் காரணம் அப்போது புரியும்.

இந்த ஆண்டில் பலரைப் பயமுறுத்துவது மருந்துக் கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட்டின் உறையில் 20 சொட்டு ஒரு மில்லி என்று அச்சிட்டிருக்கிறது என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி, நான்கு மணி நேரத்தின் 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42 வரும். நிமிடத்துக்கு 42 சொட்டு. வினாடி முள் உள்ள கடிகாரம் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். குழந்தைகளுக்கான கணக்கில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால் 150 மில்லிகிராம் ஆகிறது. ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலில் அது 6 மில்லி. ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலோ வெறும் 3 மில்லி. பாட்டிலின் முகப்பைப் படிக்காமல் வழக்கமான அளவை ஊற்றினால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். நோயாளியின் பெயரை நீங்கள் சொல்லித் தலையாட்ட வைக்காமல், அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். அரைமயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார்.

ஒவ்வொரு போஸ்டிங்கிலும், அதாவது வார்டுப் பயிற்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும், கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதச் சொல்வார்கள். நோயாளியின் நிலையை அறிவது, அவருடைய தேவையைக் கண்டறிவது, திட்டமிடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று மதிப்பிடுவது என்ற ஐந்து படிகளும் அதில் உண்டு. முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து நகலெடுக்கும் வழக்கம் எல்லா விடுதிகளிலும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மணிக்கணக்கில் படம் வரைந்து வண்ணம் தீட்டுவதை விட, உங்கள் நோயாளியைப் பற்றி மட்டுமே உண்மையான நான்கு வரிகள் எழுதுவதால் அதிகம் கற்பீர்கள்.

மூன்றாம் ஆண்டும் அதற்கு அப்பாலும்

ஐந்தாம் பருவத்தில் குழந்தைநலம், மனநலம், சமுதாய நலம் ஆகிய மூன்றும் ஒருசேரத் தொடங்குகின்றன. கற்பித்தல் முறைகள், தடயவியல் செவிலியம், இந்தியச் சட்டங்கள் பற்றிய சிறு பாடங்களும் உண்டு. ஆறாம் பருவத்தில் நிர்வாகமும் மகப்பேறு செவிலியமும் சேரும். ஏழாம் பருவத்தில் மகப்பேறும் சமுதாய நலமும் தொடர்வதோடு ஆய்வு முறையும் புள்ளியியலும் வரும்.

குழந்தைகள் வார்டில், மூச்சுத்திணறலோடு வரும் குழந்தையின் சுவாசத்தை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணக் கற்பீர்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. இந்த அளவைத் தொட்டாலே அது வேக சுவாசம். எக்ஸ்ரே வசதி இல்லாத கிராமத்திலும் நிமோனியாவைச் சந்தேகிக்க இந்த எண்ணிக்கை போதும்.

மனநலப் பயிற்சிக்குப் போகும் நாளில் மாணவர்கள் அஞ்சுவது இயல்பு. சென்னையில் படிப்பவர்கள் பலர் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநல மருத்துவமனைக்குப் போவார்கள். 1794இல் தொடங்கிய பழமையான நிறுவனம் அது. அங்கே கற்பது முக்கியமாகக் கேட்பது. நோயாளியோடு நடந்த உரையாடலை, அவர் சொன்னது ஒரு பக்கம், நீங்கள் சொன்னது மறுபக்கம், அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது என்பது இன்னொரு பக்கம் என்று எழுதுவீர்கள். எழுதிப் பார்க்கும்போதுதான், அவர் பேசத் தொடங்கிய இடத்திலெல்லாம் நாம் அறிவுரை சொல்லி அடைத்துவிட்டோம் என்பது தெரியவரும்.

சமுதாய நலப் பயிற்சி ஆரம்ப சுகாதார நிலையத்தையும் துணை சுகாதார நிலையத்தையும் மையமாகக் கொண்டது. கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி விடுபட்ட குழந்தையைத் தேடுவது, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது ஆகியவற்றைச் செய்வீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு பாட்டியிடம் காரணம் கேட்டால், "மாத்திரை போட்டா தலை சுத்துது, வயலுக்குப் போக முடியலே கண்ணு" என்பார். மருத்துவமனையில் 'மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்' என்று எழுதப்படும் நோயாளிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது அந்தத் திண்ணையில்தான் புரிகிறது.

மகப்பேறு பாடம் மாணவர்களை முற்றிலும் மாற்றிவிடுகிறது என்பது என் அனுபவம். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று அறிவது, வலி வரும் இடைவெளியைக் கணக்கிடுவது, பிரசவ முன்னேற்றத்தை வரைபடத்தில் குறிப்பது, மேற்பார்வையோடு பிரசவம் பார்ப்பது, பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்போடு சேர்ப்பது என்று படிப்படியாகப் போகும். பிரசவம் முடிந்த முதல் மணி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் குழந்தையைப் பார்த்து மகிழ்ந்திருக்கும் அந்த நேரத்தில் தாயின் அருகே இருக்க வேண்டியவர் செவிலியர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்க்க வேண்டும். கருப்பை உருண்டு திரண்டு கல்லைப் போலக் கெட்டியாக இருந்தால் நல்லது. பிசைந்த மாவைப் போலக் கொழகொழவென்றிருந்தால் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மேலே போர்த்திய துணி உலர்ந்திருக்கலாம். இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்த்தால்தான் தேங்கிய இரத்தம் தெரியும். நாடி 84இலிருந்து 100ஆகி, 118ஆகும்போதும் இரத்த அழுத்தம் இயல்பாகவே காட்டும். இளம் உடல் கடைசிவரை ஈடுகொடுக்கும் என்று உடலியங்கியலில் படித்தது இந்த இடத்துக்காகத்தான். கருப்பையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே குரல் கொடுத்து மருத்துவரை அழைக்கும் மாணவரின் கையில் முதல் பருவம் முதல் படித்த எல்லாப் பாடங்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

கடைசிப் பருவமும் பதிவும்

எட்டாம் பருவம் முழுவதும் பயிற்சிப் பணி. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கில் 22 வாரங்கள். பெரியவர்கள் வார்டுகளில் ஆறு வாரம், சமுதாய நலம், குழந்தைநலம், மனநலம், மகப்பேறு ஆகியவற்றில் தலா நான்கு வாரம். இரவுப் பணியும் உண்டு. பணி மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைப்பதை இந்தப் பருவத்தில் செம்மையாகப் பழகிக்கொள்ளுங்கள். யார், எதற்காகச் சேர்ந்தவர், இப்போது எப்படி இருக்கிறார், அடுத்த சில மணி நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற வரிசையில், படுக்கையருகே நின்று சொல்ல வேண்டும்.

வருகைப் பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு பாடத்திலும் தேர்வெழுத 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் பட்டம் பெறுவதற்குள் செய்முறைப் பயிற்சி நேரத்தை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விடுபட்ட நாட்களை விடுமுறையில் ஈடுசெய்ய நேரிடும். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேறினால்தான் தேர்ச்சி.

பட்டம் வாங்கியவுடன் மாநிலக் குழுமத்தில் செவிலியராகவும் தாதியாகவும் (பிரசவம் பார்ப்பவராகவும்) பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் பணியில் சேரக் கூடாது. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கான தேர்வை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. எய்ம்ஸ் நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு உண்டு. எம்.எஸ்சி. நர்சிங் படிக்க விரும்புகிறவர்கள் ஓராண்டு பணி அனுபவத்துக்குப் பிறகு சேரலாம்.

வெளிநாடு செல்லும் எண்ணம் இப்போது இல்லையென்றாலும், கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேரச் செய்முறை என்று காட்டும் விவரச் சான்றை வாங்கி, செய்முறைப் பதிவேட்டின் கையொப்பமிட்ட பக்கங்களையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு நர்சிங் குழுமங்கள் மதிப்பெண்ணோடு இந்த மணிக்கணக்கையும் கேட்கும். பத்து ஆண்டுகள் கழித்து அதற்காகக் கல்லூரி வாசலில் வந்து நிற்கும் பழைய மாணவிகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.